ஆங்கிலத்தில் நேற்றைச் சொல்லுதல் – இறந்தகால வினையும் பிரதிப்பெயரும் முன்னிடைச்சொல்லும்



சில ஆண்டுகளுக்கு முன் எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி இப்பாடத்தைத் தொடங்குகின்றேன். என் தங்கையின் மகள் 12ஆம் வகுப்பில் நல்ல மதிப்பெண்கள் பெற்றுக் கல்லூரி ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தாள். தமிழ்வழியில் பயின்றவள். இளமையிலேயே தந்தையை இழந்தவள். தாய் நிலத்தில் உழைத்து அவளைப் படிக்க வைத்தாள். தேர்வுக்குழுவினர், "உன் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்" என்றனர். அவளும் தயங்காது, "மை மதர் வொர்க்ட் இன் தி ஃபீல்ட்ஸ். ஹீ எஜுகேட்டட் மீ" என்றாள். அங்கிருந்தோர் சிரித்துவிட்டனர். ஏன் சிரிக்கின்றனர் என்பது அவளுக்கு விளங்கவில்லை. அதன் பின்னர்க் கேட்ட வினாக்களுக்கு விடை தெரிந்திருந்தும் அவள் வாய் திறக்கவில்லை. இடமும் கிடைக்கவில்லை.

அன்று மாலை நான் அவர்கள் இல்லத்திற்குச் சென்றேன். பெண் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆங்கிலம் அறியாத என் தங்கை என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணா, என்னை 'அவர்' என்று மரியாதையாகச் சொன்னதா பிழை?"

அவ்வினா என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஆங்கில ஆசிரியனாகப் பல்லாண்டுகள் பணியாற்றிய நான், அத்தகைய பிழைகளைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே இருந்தேனேயன்றி, அவை எங்கிருந்து பிறக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததில்லை. தமிழில் 'அவர்' என்னும் சொல் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவாக நின்று மதிப்பை உணர்த்தும். ஆங்கிலத்தில் அத்தகைய சொல் இல்லை. 'ஹீ' என்பது ஆண் ஒருவனையே குறிக்கும். 'ஷீ' என்பது பெண் ஒருத்தியையே குறிக்கும். தாயை 'அவர்' என்று நினைத்த பிள்ளைக்கு, 'அவர்' என்றதும் நாவில் வந்த சொல் 'ஹீ'. பிழையின் வேர் அன்னையின்பால் கொண்ட மதிப்பு.

நம் பிள்ளைகள் செய்யும் ஆங்கிலப் பிழைகளுள் பல இவ்வகையினவே. தமிழிலக்கணத்தின் ஒரு நெறியை ஆங்கிலத்தில் அப்படியே வைப்பதால் அவை தோன்றுகின்றன. ஆகவே, தமிழ் எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதலில் கண்டுகொண்டு, ஆங்கிலம் எங்கே ஒத்துப் போகின்றது, எங்கே பிரிந்து செல்கின்றது என்று நோக்கின், பிழை தானே விலகும். இவ்வழியில் இறந்தகால வினை, பிரதிப்பெயர், முன்னிடைச்சொல் ஆகிய மூன்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆங்கிலச் சொற்கள் யாவும் ஒலிப்பு விளங்கும் பொருட்டுத் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. அவற்றின் எழுத்துக்கூட்டலை மாணவர்கள் அகராதியில் கண்டு, தம் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அதுவே முதற் பயிற்சியாகும்.

1. இறந்தகால வினை

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தமிழில் இறந்தகாலம் காட்டும் இடைநிலைகளை நமக்குத் தெளிவாக வகுத்துக் காட்டுகின்றது. செய்தான் என்பதில் 'த்', உண்டான் என்பதில் 'ட்', தின்றான் என்பதில் 'ற்', ஓடினான் என்பதில் 'இன்' ஆகியவை காலம் காட்டும். புகு என்பது புக்கான் என்றும், விடு என்பது விட்டான் என்றும், பெறு என்பது பெற்றான் என்றும் பகுதியே இரட்டித்துக் காலம் காட்டுதலும் உண்டு.

ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே அமைப்பைக் காணலாம். பெரும்பாலான வினைகள் இறுதியில் ஓர் ஒட்டுப் பெற்று இறந்தகாலம் ஆகின்றன. எழுத்தில் ஒன்றேயாயினும் அவ்வொட்டு மூன்று வகையாக ஒலிக்கும்.

வொர்க்ட், வாஷ்ட், ஹெல்ப்ட் – இவற்றில் வல்லோசை.

ஓபன்ட், லிவ்ட், ப்ளேட் – இவற்றில் மென்மையான ஓசை.

வாண்டட், வெயிட்டட், எஜுகேட்டட் – இவற்றில் தனி அசையாக ஒலிக்கும்.

டகர ஓசையில் முடியும் வினைகளுக்கு மட்டுமே இத் தனி அசை உண்டு. வாண்ட், வெயிட், நீட் என்பன அத்தகையவை. நம் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்' என்று படிப்பது பிழை. 'வாக்ட்', 'ஹெல்ப்ட்' என ஓரசையாகவே ஒலித்தல் வேண்டும்.

இனி, பகுதியே திரிந்து இறந்தகாலம் காட்டும் வினைகள் சுமார் 200 உள்ளன. இவற்றுள் அன்றாடம் வழங்குபவற்றை மனனம் செய்தலன்றி வேறு வழியில்லை. மூன்று வடிவங்களையும் சேர்த்தே சொல்லிப் பழகுக.

கோ – வென்ட் – கான் (செல்)
கம் – கேம் – கம் (வா)
சீ – சா – சீன் (காண்)
கிவ் – கேவ் – கிவன் (கொடு)
டேக் – டுக் – டேக்கன் (எடு)
ரைட் – ரோட் – ரிட்டன் (எழுது)
சிங் – சாங் – சங் (பாடு)
டீச் – டாட் – டாட் (கற்பி)
கட் – கட் – கட் (வெட்டு)
புட் – புட் – புட் (வை)

முதல் வடிவம் பகுதி. இரண்டாவது இறந்தகால வினைமுற்று. மூன்றாவது 'ஹாவ்', 'ஹாட்', 'வாஸ்' முதலிய துணைவினைகளோடு சேர்ந்து வருவது. தனித்து நின்று வாக்கியத்தை முடிக்க வல்லது இரண்டாவதே. 'ஐ சீன் ஹிம்' என்பது பிழை. 'ஐ சா ஹிம்' என்பதே சரி.

எதிர்மறையில் ஒரு நுட்பம்

'அவன் பள்ளிக்குச் செல்லவில்லை' என்பதனை ஆங்கிலத்தில் எழுதுமாறு கூறினால், மாணவருள் பலர் 'ஹீ டிட் நாட் வென்ட் டு ஸ்கூல்' என்று எழுதுகின்றனர். இது பிழை என்று கூறுகின்றோம். ஏன் பிழை என்பதைத் தமிழே விளக்குகின்றது.

'சென்றான்' என்பதில் இறந்தகால இடைநிலை உள்ளது. 'செல்லவில்லை' என்பதில் அஃது உள்ளதா? இல்லை. 'செல்ல' என்பது காலம் காட்டாது நிற்கின்றது. 'சென்றவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் அவ்வாறே. 'டிட்' என்னும் துணைவினை காலத்தைத் தான் ஏற்றுக்கொள்கின்றது. எனவே முதன்மை வினை பகுதியாகவே நிற்றல் வேண்டும். ஒரு வினைத்தொடரில் காலக்குறி ஒரு முறைதான் வரும்.

ஹீ வென்ட் டு ஸ்கூல் – அவன் பள்ளிக்குச் சென்றான்.
ஹீ டிட் நாட் கோ டு ஸ்கூல் – அவன் பள்ளிக்குச் செல்லவில்லை.

வினாவில்தான் தமிழ் நம்மைச் சிறிது ஏமாற்றும். 'சென்றானா?' என்று தமிழில் இறந்தகால வினைமுற்றோடே ஆகாரத்தைச் சேர்த்து வினவுகின்றோம். அந்நினைவால் 'டிட் ஹீ வென்ட்?' என்று எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் வினாவிற்கும் எதிர்மறையின் விதியே பொருந்தும்.

டிட் ஹீ கோ டு ஸ்கூல்? – அவன் பள்ளிக்குச் சென்றானா?
வேர் டிட் யூ கோ? – நீ எங்கே சென்றாய்?

நேற்று என்றால் இறந்தகாலமே

'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்னும் பிழையை நன்கு படித்தவரும் செய்கின்றனர். இதற்கும் தமிழ்ச் செவியையே துணைகொள்ளலாம். 'அவரை முன்பே பார்த்திருக்கின்றேன்' என்கின்றோம். இதில் எப்போது என்பது குறிக்கப்படவில்லை. 'அவரை நேற்றுப் பார்த்தேன்' என்கின்றோம்; இதில் நாள் குறிக்கப்பட்டுள்ளது. குறித்த காலம் சொல்லப்படின் எளிய இறந்தகாலமே வரும்.

ஐ ஹாவ் சீன் ஹிம் பிஃபோர் – அவரை முன்பே பார்த்திருக்கின்றேன்.
ஐ சா ஹிம் யெஸ்டர்டே – அவரை நேற்றுப் பார்த்தேன்.

இறந்தகாலத்தில் இரு நிகழ்ச்சிகள் வந்து, ஒன்று மற்றொன்றிற்கு முன்னரே முடிந்துவிட்டதாயின், முந்தியதற்கு 'ஹாட்' சேர்க்க வேண்டும். 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹாட் லெஃப்ட்' – நான் நிலையத்தை அடைந்தபோது வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. 'ஹாட்' என்பதனை நீக்கி, வெறும் 'லெஃப்ட்' என்று மட்டும் சொன்னால், நான் அடைந்த பிறகு வண்டி புறப்பட்டதாகப் பொருள்படும். வண்டியைத் தவறவிட்டவர் யார், ஏறிச் சென்றவர் யார் என்பதையே அச்சிறு சொல் தீர்மானிக்கின்றது.

2. பிரதிப்பெயர்

'சென்றேன்' என்று மட்டும் சொன்னால் தமிழில் வாக்கியம் முற்றுப்பெறும். 'ஏன்' என்னும் விகுதி 'நான்' என்பதனை உணர்த்திவிடுகின்றது. சென்றாய், சென்றான், சென்றாள், சென்றது, சென்றோம் எனத் திணை, பால், எண், இடம் யாவும் வினையின் விகுதியிலேயே அமைந்துள்ளன. எனவே எழுவாய் தோன்றாமல் நிற்கலாம்.

ஆங்கிலத்தில் 'வென்ட்' என்பது யார் சென்றார் என்பதனைக் காட்டாது. ஐ வென்ட், யூ வென்ட், ஹீ வென்ட், ஷீ வென்ட், இட் வென்ட், வீ வென்ட், தே வென்ட் – எல்லாவற்றிற்கும் வடிவம் ஒன்றே. ஆகவே எழுவாயை விடுதல் கூடாது. இருத்தல் வினையொன்று மட்டும் இரு வடிவம் பெறும்: ஐ, ஹீ, ஷீ, இட் ஆகியவற்றிற்கு 'வாஸ்', வீ, யூ, தே ஆகியவற்றிற்கு 'வெர்'.

எழுவாய்க்குரிய பொருள் ஒன்றும் இல்லாதவிடத்தும் ஆங்கிலம் ஓர் எழுவாயை நிறுத்திக்கொள்ளும். 'மழை பெய்தது' என்பது 'இட் ரெய்ண்ட்'. 'அப்போது மணி பத்து' என்பது 'இட் வாஸ் டென் ஓ'க்ளாக்'. இவற்றில் 'இட்' என்பதற்குத் தனிப்பொருள் இல்லை; எழுவாயின் இடத்தை நிரப்புவதே அதன் பணி.

மதிப்பும் பன்மையும் பாலும்

தமிழில் நீ, நீர், நீங்கள் என மூன்று; ஆங்கிலத்தில் இன்று 'யூ' ஒன்றே. குழந்தைக்கும் குருவிற்கும் அதுவே. பழைய ஆங்கிலத்தில் ஒருமைக்குத் தனிச்சொல் இருந்தது. நாளடைவில் அது வழக்கொழிந்தது. எனவே ஆசிரியரை 'யூ' என்று விளிப்பது அவமதிப்பு ஆகாது. மதிப்பைச் 'சர்', 'மேடம்', 'ப்ளீஸ்' முதலிய சொற்களாலும் குரலாலும் காட்டுதலே அம்மொழியின் வழக்கு.

நாம், நாங்கள் என்னும் வேறுபாடும் ஆங்கிலத்தில் இல்லை. கேட்பவரை உள்ளடக்கினும் விலக்கினும் 'வீ' ஒன்றே. தமிழ் இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிட நுண்மை உடையது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுதல் நலம்.

ஆனால் 'அவர்' என்னுமிடத்தில் ஆங்கிலம் நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றது. 'அவர்' என்று எழுதத் தோன்றும் போதெல்லாம், சுட்டப்படுபவர் தந்தையா, தாயா, பலரா என்று ஒரு கணம் எண்ணுக. தந்தை, பாட்டனார், மாமா எனின் 'ஹீ'. தாய், பாட்டி, அத்தை எனின் 'ஷீ'. பலர் எனின் 'தே'. 'அவர்கள்' என்று மரியாதைப் பன்மையால் சுட்டும் ஒருவரைத் 'தே' என்று எழுதின், பலர் வந்ததாகவே படிப்பவர் கொள்ளக்கூடும்.

எழுவாயும் செயப்படுபொருளும்

தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி நிற்பதால், 'இராமன் கண்ணனைக் கண்டான்' என்றாலும் 'கண்ணனை இராமன் கண்டான்' என்றாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இடம் மாறினால் பொருள் மாறிவிடும். 'ராமன் சா கண்ணன்' என்பதில் கண்டவன் இராமன். 'கண்ணன் சா ராமன்' என்பதில் கண்டவன் கண்ணன். வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள்.

பிரதிப்பெயர்கள் மட்டும் வடிவத்திலும் வேறுபடும்: ஐ – மீ, ஹீ – ஹிம், ஷீ – ஹெர், வீ – அஸ், தே – தெம். யூ, இட் இரண்டும் மாறுவதில்லை. முன்னிடைச்சொல்லின் பின்னரும் இரண்டாம் வடிவமே வரும்: டு மீ, வித் ஹிம், ஃப்ரம் தெம். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதுதல் பிழை. 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதே இலக்கணம்.

3. முன்னிடைச்சொல்

தமிழில் பெயருக்குப் பின் உருபு. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் இடைச்சொல். 'சென்னைக்கு' என்பது 'டு சென்னை'. ஒவ்வோர் உருபிற்கும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல் உண்டு என்று எண்ணுவதே பிழைக்குக் காரணம். உருபைப் பாராது, உருபு உணர்த்தும் பொருளைப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாம் வேற்றுமையைக் கருதுக. நன்னூல் அதற்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள் கூறுகின்றது. ஆங்கிலத்தில் கருவிக்கு 'வித்'; கருத்தாவிற்குப் 'பை'; உடனிகழ்ச்சிக்கு 'வித்'.

ஷீ ரோட் வித் எ பென்சில் – பென்சிலால் எழுதினாள். (கருவி)
தி லெட்டர் வாஸ் ரிட்டன் பை ஹெர் – கடிதம் அவளால் எழுதப்பட்டது. (கருத்தா)
ஷீ வென்ட் வித் ஹெர் மதர் – தாயோடு சென்றாள். (உடனிகழ்ச்சி)

நான்காம் வேற்றுமையில் கொடைப்பொருளுக்கு 'டு', பொருட்டு என்னும் பொருளுக்கு 'ஃபார்'. 'ஹீ கேவ் தி புக் டு ஹெர்' – நூலை அவளுக்குக் கொடுத்தான். 'ஹீ பாட் தி புக் ஃபார் ஹெர்' – நூலை அவளுக்காக வாங்கினான். 'ஆக' என்று விரித்துச் சொல்ல இயலுமாயின் பெரும்பாலும் 'ஃபார்' என்று கொள்க.

ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளுக்கு 'ஃப்ரம்'. 'எ ஃப்ரூட் ஃபெல் ஃப்ரம் தி ட்ரீ' – மரத்தினின்று ஒரு கனி வீழ்ந்தது. ஆறாம் வேற்றுமைக்குப் பொதுவாக 'ஆஃப்'.

ஏழாம் வேற்றுமையில்தான் இடர்ப்பாடு மிகுதி. 'இல்' என்னும் ஓர் உருபிற்கு ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என மூன்று சொற்கள் நிற்கின்றன. பரந்த ஒன்றின் உள்ளே எனின் 'இன்'. ஒன்றின் மேற்பரப்பில் எனின் 'ஆன்'. ஒரு புள்ளியாகக் கருதும் இடம் எனின் 'அட்'. இன் தி ரூம், ஆன் தி டேபிள், அட் தி கேட். காலத்திற்கும் இவ்வளவையே பொருந்தும். ஆண்டும் மாதமும் பரந்தவை, ஆகவே 'இன்'. நாளும் தேதியும் எனின் 'ஆன்'. மணி ஒரு புள்ளி, ஆகவே 'அட்'.

சில இடங்களில் முன்னிடைச்சொல் வேண்டாவே வேண்டா. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், லாஸ்ட் இயர், திஸ் மார்னிங் ஆகியவற்றின் முன் எதுவும் வாராது. 'யெஸ்டர்டே நைட்' என்று நம்மவர் கூறுவதனை 'லாஸ்ட் நைட்' என்று திருத்திக்கொள்க.

ரீச், என்டர், டிஸ்கஸ், மேரி, ஆஸ்க், டெல் ஆகிய வினைகள் செயப்படுபொருளை நேரே ஏற்கும். 'வீ ரீச்ட் டு சென்னை', 'தே டிஸ்கஸ்ட் அபௌட் தி மேட்டர்', 'ஐ டோல்ட் டு ஹிம்' என்பன பிழை. 'வீ ரீச்ட் சென்னை', 'தே டிஸ்கஸ்ட் தி மேட்டர்', 'ஐ டோல்ட் ஹிம்' என்க. ஆனால் 'செட்' என்னும் வினை 'டு' ஏற்கும்: ஐ செட் டு ஹிம். 'லுக்ட்' என்பது 'அட்' ஏற்கும்: ஐ லுக்ட் அட் ஹிம். 'வெயிட்டட்' என்பது 'ஃபார்' ஏற்கும்: ஐ வெயிட்டட் ஃபார் ஹிம். வினையைக் கற்கும்போதே அதனோடு வரும் இடைச்சொல்லையும் சேர்த்துக் கற்பதே நன்னெறி.

இச்சிறு சொற்களைச் சிறியவை என்று எண்ணி அசட்டை செய்தல் ஆகாது. 'ஹீ லென்ட் 500 ருபீஸ் டு மீ' எனின் கடன் கொடுத்தவர் அவர். 'ஹீ பாரோட் 500 ருபீஸ் ஃப்ரம் மீ' எனின் கடன்பட்டவர் அவர். பற்றுச்சீட்டில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதினால், கொடுத்தவரே கடனாளியாகிவிடுவார். விண்ணப்பத்தில் 'பை' என்று சொல்லி 15ஆம் தேதியைக் குறித்திருந்தால், அத்தேதிக்குள் விண்ணப்பம் சென்று சேர்தல் வேண்டும் என்பது பொருள். 15ஆம் தேதி வரை காத்திருந்து அன்று அஞ்சலில் இடுபவர் வாய்ப்பை இழப்பார்.

4. வாக்கிய வாய்பாடுகள்

மேற்கண்ட மூன்றையும் இணைத்தால் கீழ்க்கண்ட வாய்பாடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் சொற்களை மாற்றிப் பத்துப் பத்து வாக்கியங்கள் அமைத்துப் பழகுக.

அ) எழுவாய் + இறந்தகால வினை + முன்னிடைச்சொல் + பெயர்: ஷீ வென்ட் டு தி மார்க்கெட்.

ஆ) எழுவாய் + வினை + செயப்படுபொருள் + முன்னிடைச்சொல் + பெயர்: ஹீ புட் தி லேம்ப் ஆன் தி டேபிள்.

இ) எழுவாய் + வினை + பெறுபவர் + பொருள்: ஷீ கேவ் மீ எ பென். இதனையே 'ஷீ கேவ் எ பென் டு மீ' என்றும் கூறலாம். பெறுபவர் முன்னே வரின் 'டு' வேண்டா. பின்னே வரின் 'டு' வேண்டும்.

ஈ) எழுவாய் + டிட் நாட் + பகுதி: தே டிட் நாட் கம்.

உ) டிட் + எழுவாய் + பகுதி: டிட் தே கம்?

ஊ) எழுவாய் + வாஸ் அல்லது வெர் + மூன்றாம் வடிவம் + பை + கருத்தா: தி சாங் வாஸ் சங் பை தெம்.

இவ்வாய்பாடுகள் ஒரு பத்தியில் எவ்வாறு இணைந்து வருகின்றன என்பதற்கு, தமிழைக் கற்று ஆங்கிலத்தில் தந்த ஓர் அறிஞரின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். வாய்விட்டுப் படிக்க.

'ஜி. யு. போப் வாஸ் பார்ன் ஆன் பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் இன் 1820. ஹீ கேம் டு தி தமிழ் கன்ட்ரி இன் 1839. ஹீ லேர்ன்ட் தமிழ் அண்ட் லவ்ட் இட். ஹீ டிரான்ஸ்லேட்டட் தி குறள் இன்டு இங்கிலிஷ். தி புக் வாஸ் பப்ளிஷ்ட் இன் 1886. இன் 1893 ஹீ பப்ளிஷ்ட் ஹிஸ் டிரான்ஸ்லேஷன் ஆஃப் தி நாலடியார். ஹீ டாட் தமிழ் அட் ஆக்ஸ்ஃபோர்ட். ஹீ டைட் தேர் இன் 1908.'

போப் என்னும் பெயர் ஒரு முறையே வந்தது. பின்னர் 'ஹீ' அதன் இடத்தை ஏற்றது. தமிழைச் சுட்ட 'இட்' வந்தது. தீவு ஒரு பரப்பாகக் கருதப்படுவதால் 'ஆன்' வந்தது, ஆண்டிற்கு 'இன்', கல்வி நிலையம் உள்ள இடத்திற்கு 'அட்', ஒரு மொழியினின்று மற்றொன்றாக மாறுதலுக்கு 'இன்டு'. வினைகள் யாவும் இறந்தகாலம். எட்டே வாக்கியங்களில் ஒரு வாழ்க்கை அடங்கிவிட்டது. இதே முறையில் உங்கள் பாட்டனாரின் வரலாற்றை எட்டு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள்.

5. பயிற்சி

1. ஐ —— மை அங்கிள் யெஸ்டர்டே. (காண்)
2. மை கிராண்ட்மதர் வாஸ் இல். —— டிட் நாட் ஈட். (பிரதிப்பெயர்)
3. டிட் யூ —— தி லெட்டர்? (எழுது)
4. தி ஸ்கூல் ஓபன்ட் —— மண்டே. (முன்னிடைச்சொல்)
5. ஹீ கட் தி ரோப் —— எ நைஃப். (முன்னிடைச்சொல்)
6. 'வீ என்டர்ட் இன்டு தி ரூம்' – திருத்துக.
7. 'தே டிட் நாட் கேம்' – திருத்துக.
8. 'நேற்றிரவு மழை பெய்தது' – ஆங்கிலத்தில் எழுதுக.
9. 'என் தாய் வந்தார். அவர் எனக்கு ஒரு நூலைக் கொடுத்தார்' – ஆங்கிலத்தில் எழுதுக.

விடைகள்: 1. சா. 2. ஷீ. 3. ரைட். 4. ஆன். 5. வித். 6. வீ என்டர்ட் தி ரூம். 7. தே டிட் நாட் கம். 8. இட் ரெய்ண்ட் லாஸ்ட் நைட். 9. மை மதர் கேம். ஷீ கேவ் மீ எ புக்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இரவு உணவிற்குப் பின், அன்று நிகழ்ந்தவற்றை ஐந்து ஆங்கில வாக்கியங்களில் பிள்ளைகளைச் சொல்லச் செய்யுங்கள். ஆங்கிலம் அறியாத தாய்மாரும் இப்பயிற்சியை நடத்தலாம். தாங்கள் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால், பிள்ளை அதனை ஆங்கிலத்தில் சொல்லட்டும். மறுநாள் ஆசிரியரிடம் சரிபார்த்துக்கொள்ளட்டும். பிழை செய்யின் திருத்துங்கள். எவரும் சிரிக்க வேண்டா. ஒரு சிரிப்பு ஓராண்டுப் பேச்சைப் பறித்ததை நான் கண்ணாரக் கண்டவன்.

என் மருமகள் அந்த ஓராண்டு முழுவதும் வீட்டிலிருந்தே இவ்வாய்பாடுகளைப் பயின்றாள். முதல் மூன்று மாதங்கள் எழுத மட்டுமே உடன்பட்டாள். பின்னர் மெல்லப் பேசத் தொடங்கினாள். மறு ஆண்டு வேறொரு கல்லூரியின் நேர்முகத் தேர்வில் அதே வினாவையே எதிர்கொண்டாள். அவள் கூறிய விடையை அன்று மாலை எனக்குச் சொல்லிக் காட்டினாள்: 'மை மதர் வொர்க்ட் இன் தி ஃபீல்ட்ஸ். ஷீ டிட் நாட் கோ டு ஸ்கூல், பட் ஷீ சென்ட் மீ டு ஸ்கூல்.'

"பொருள் என்ன?" என்று என் தங்கை கேட்டாள். "அம்மா பள்ளிக்குச் செல்லவில்லை, என்னைப் பள்ளிக்கு அனுப்பினார் என்று சொன்னேன் அம்மா" என்றாள் மகள். இம்முறை இடம் கிடைத்தது.

வரும் இதழில் எதிர்கால வினையை நோக்குவோம்.